ஓஹேஓ மடுக்கள்: இறங்கக் கூடாத நீரைப் பார்க்க ஹானாவையும் தாண்டிப் போக வேண்டுமா?

கரிசல்மழை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஹவாயின் மௌயித் தீவுக்கு ஆறு நாள் பயணமாகச் செல்கிறோம். தீவின் கிழக்குக் கோடியில், ஹலேயாகலா தேசியப் பூங்காவின் கீப்பஹுலு பகுதியில், எரிமலைப் பாறைகளுக்கிடையே ஓர் ஓடை ஒவ்வொரு மடுவாக நிரப்பிக்கொண்டு இறங்கி, கடைசி மடுவிலிருந்து நேராகக் கடலில் கலக்கும் ஓஹேஓ என்ற இடத்தின் படங்களைப் பார்த்தது முதல் அங்கே போகாமல் திரும்பக் கூடாது என்று இருந்தேன். ஆனால் 2017 தொடக்கத்தில் ஏற்பட்ட பாறைச் சரிவுக்குப் பிறகு அந்த மடுக்களில் இறங்குவதற்குத் தடை இருக்கிறது என்பதை இப்போதுதான் அறிந்தேன்.

விமான நிலையம் உள்ள காஹுலுயியிலிருந்து ஹானா ஊர் வரை 52 மைல், அதற்கு மேலும் 10–12 மைல். தந்தைக்கு 70 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அரை மைல், மிஞ்சினால் ஒரு மைல் நடப்பார். குளிக்க முடியாத நீரை எட்ட நின்று பார்ப்பதற்காக இருவரையும் ஒரு நாள் முழுவதும் வளைவுச் சாலையில் உட்கார வைப்பது முறைதானா என்பதே என் கேள்வி.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பயணக் குறிப்புகள் பலவற்றில் இவ்விடம் ‘ஏழு புனிதக் குளங்கள்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை அம்மாவிடம் படித்துக் காட்டிய நாளிலிருந்து, தீர்த்தம் எடுத்துவர ஒரு சிறு சொம்பைப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவருக்கு என்ன விடை சொல்வது?

---

தாழைமடல்

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2014-இல் போனபோது மடுக்களில் இறங்க அனுமதி இருந்தது. 2022-இல் போனபோது இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய நிலையில் இருப்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் முறை எனக்கு நினைவில் நிற்பவை குளிர்ந்த நீர், வழுக்கும் பாறை, கூட்டம், காலணிகளை எங்கே வைத்தோம் என்ற பதற்றம் ஆகியவையே. அந்த ஓடை கடலில் எப்படிச் சேர்கிறது என்பதைக் கூட நான் அன்று சரியாகப் பார்க்கவில்லை. நீருக்குள் இருப்பவனுக்கு அடுத்த பாறைக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. இரண்டாம் முறை இறங்க வழியில்லாததால் குலோவா முனையைச் சுற்றிவரும் பாதையில், மேட்டின் மேல், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மலைப்பக்கம் சாலைப் பாலம். அதன் அடியிலிருந்து ஒன்றன் கீழ் ஒன்றாகக் கறுத்த பாறைக் கிண்ணங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சிறிய வெள்ளை அருவி. கடைசிக் கிண்ணத்துக்கு அப்பால் கூழாங்கல் மேடு, அதற்கும் அப்பால் அலை. வானம் தெளிந்திருந்தால் கடற்கால்வாய்க்கு அப்பால் ஹவாயின் பெரிய தீவும் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அன்று முகில் மறைத்துவிட்டது.

உங்கள் அம்மாவைப் பற்றி: குலோவா முனைப் பாதை மொத்தமே அரை மைல் சுற்று. வருகையாளர் மையத்தின் அருகிலேயே தொடங்கி, தாழை மரங்களுக்கிடையே சென்று, பழைய ஹவாயியர் குடியிருப்பின் கற்சுவர் எச்சங்களைக் கடந்து, மடுக்களைப் பார்க்கும் இடத்துக்கு வருகிறது. ஏற்ற இறக்கம் சிறிது உண்டு. கைத்தடி இருந்தால் அவர் வந்துவிடுவார். தந்தைக்குப் பீபீவைப் பாதை இருக்கிறது: போக இரண்டு மைல், வர இரண்டு மைல், மேலேறிச் செல்வது. ஏறத்தாழ 200 அடி உயர மகாஹிகு அருவியை மேலிருந்து பார்த்துவிட்டுச் சற்று தூரம் சென்றால் பெரிய ஆலமரம் ஒன்று விழுதுகளோடு நிற்கிறது. அதைத் தாண்டி மூங்கில் காடு. பாதையின் முடிவில் 400 அடி உயர வைமோகு அருவி. அவர் போய்வரும் வரை அம்மா தாழை நிழலில் இருக்கலாம்.

---

நேர்ப்பாதை

தாழைமடல் அழகாக எழுதியிருக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு, முற்றிலும் மாறான கருத்தைச் சொல்கிறேன். போக வேண்டாம்.

ஹானா சாலையில் 600-க்கும் மேற்பட்ட வளைவுகளும் 59 பாலங்களும் இருக்கின்றன. பாலங்களில் பெரும்பாலானவை ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுடையவை. காஹுலுயியிலிருந்து ஹானாவுக்கு எங்கும் நிற்காமல் போனாலே இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். கீப்பஹுலுவுக்கு அதற்கு மேல் இன்னும் முக்கால் மணி நேரம் வையுங்கள். பின்னிருக்கையில் இருக்கும் முதியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். என் மாமியார் திரும்பும் வழி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். எந்த மடுவைப் பற்றியும் பிறகு ஒரு சொல் பேசவில்லை. அருவிதான் வேண்டுமென்றால் ஹானாவுக்கும் கீப்பஹுலுவுக்கும் இடையில் வைலுவா அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. கருமணல் கடற்கரை வேண்டுமென்றால் ஹானாவுக்கு முன்பே வையானபானபா இருக்கிறது. வெளியூர்வாசிகள் முன்பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். ஓடை கடலில் சேர்வதைப் பார்க்க ஆசைப்படுபவர் அதை உலகில் எந்தக் கடற்கரையிலும் பார்க்கலாம்.

---

கருங்கல்தச்சன்

நேர்ப்பாதையின் கடைசி வரியோடு மட்டும் எனக்கு வழக்கு உண்டு. எந்தக் கடற்கரையிலும் பார்க்க முடியாது என்பதற்கான காரணம் அந்தப் பாறையில் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். ‘எரிமலைக் குளம்’ என்றதும் வெந்நீர் ஊற்று அல்லது எரிமலை வாயில் தேங்கிய ஏரி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஓஹேஓவில் இருப்பது மழைநீர், நன்றாகவே குளிரும். எரிமலைக்குரியது பாறை மட்டுமே. மௌயித் தீவின் கிழக்குப் பகுதி முழுவதும் ஹலேயாகலா என்ற ஒரே எரிமலைதான். அதன் உச்சி 3,055 மீட்டர். அது கடைசியாகக் கக்கியது 1480-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட காலத்தில் என்று மதிப்பிடப்படுகிறது. மலையை ஆறுகள் ஆழமாக அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளுள் ஒன்றுதான் கீப்பஹுலு. அரிப்புக்குப் பின்னரும் மலை மறுபடி குழம்பைக் கக்கியதால், அப்பள்ளத்தாக்கின் வழியே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறங்கி உறைந்தது.

ஹவாயியர் ‘ஆஆ’ என்று பெயரிட்ட வகைக் குழம்பு உறையும்போது ஒரே சீரான கல்லாவதில்லை. மேலும் கீழும் உதிரிச் சரளையாகவும் நடுவில் இறுகிய கட்டிப் பாறையாகவும் உறைகிறது. இத்தகைய அடுக்குகள் பல ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் மலையில் ஓடை பாயும்போது, சரளை அடுக்கு எளிதில் அரிபட்டுப் போகிறது. கட்டிப் பாறை விளிம்பாக நின்றுவிடுகிறது. விளிம்பிலிருந்து விழும் நீர், தான் உருட்டிவரும் கற்களையே உளியாகக் கொண்டு அடியைக் குடைகிறது. அப்படிக் குடைந்த இடம் மடு. எஞ்சிய விளிம்பு அருவி. இதையே பல முறை செய்தால் உங்களுக்கு ஓஹேஓ கிடைத்துவிடும். மணற்கரை உள்ள நாடுகளில் ஆறு கடலை நெருங்க நெருங்கச் சோம்பிப் பரந்து, சேறும் மணலும் படிந்து, தன் வேகத்தை இழந்துதான் கடலில் சேர்கிறது. இங்கே அதற்கு இடமே இல்லை. கடைசிக் கிண்ணம் வரை ஓடை மலையோடையாகவே இருந்து, அலைக்கு எதிரே வந்து நிற்கிறது.

தடைக்கான காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அடி குடைபட்ட கட்டிப் பாறை ஒரு நாள் உடைந்து விழத்தான் வேண்டும். அப்படி விழுந்து விழுந்துதான் பள்ளம் அகன்றது. பூங்கா நிர்வாகம் அளவுக்கு மீறி அஞ்சுகிறது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மடுவை உண்டாக்கிய வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவ்வேலை நடக்கும் இடத்தில் தலையை நீட்ட வேண்டாம் என்கிறார்கள், அவ்வளவே.

---

துணிந்தநடை

அறிவிப்புப் பலகையைத் தாண்டி இறங்கிக் குளிப்பவர்களின் படங்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மழை இல்லாத நாளில், ஓரமாக, பாறைச் சுவரிலிருந்து விலகி ஐந்து நிமிடம் இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

---

தாழைமடல்

‘மழை இல்லாத நாள்’ என்று எங்கிருந்து பார்த்துச் சொல்வீர்கள், நண்பரே? வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று கடலின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஹலேயாகலாவின் காற்றுப்பக்கச் சரிவில் கொட்டுகிறது. அச்சரிவின் உயரத்தில் ‘பிக் பாக்’ என்னும் சதுப்புநிலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கீழே கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்திருக்கும். கீழே இருப்பவருக்கு அது முகிலாகக் கூடத் தெரியாது. பலிகேயா, பீபீவை என்ற இரு ஓடைகளும் கூடித்தான் ஓஹேஓ பள்ளத்துக்குள் வருகின்றன. சில நிமிடங்களில் பல அடி உயரும் வெள்ளம் அப்பள்ளத்தில் புதிதன்று. வருகையாளர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தும் இருக்கிறார்கள். குற்றாலத்தில் மலையில் மழை பெய்தால் கீழே அருவியை மூடிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே விழுந்தால் பிடிக்கக் கூட்டமாவது இருக்கும். ஓஹேஓவில் அடித்துச் செல்லப்பட்டவர் சேரும் இடம் பசிபிக் பெருங்கடல்.

கடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓடை கடலில் சேரும் முகத்தில் அலை வலிமையானது. வெள்ளம் வந்த பின் கலங்கிய நீரில் சுறாக்களின் நடமாட்டமும் உண்டு. ஓடை நீரிலோ எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்று ஹவாய்த் தீவுகள் முழுவதிலும் எச்சரிக்கிறார்கள். காலில் ஒரு சிராய்ப்பு இருந்தாலே அதற்குப் போதும்.

---

உளுவை

என் புனைபெயரைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் இந்த இழைக்குள் வந்தேன் என்பது புரிந்திருக்கும். குளிப்பதைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. அந்த மடுக்களில் உண்மையில் குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஹவாய் ஓடைகளுக்கே உரிய நன்னீர் மீன்கள் ஐந்தே வகைதான். ஹவாயியர் அவற்றை ‘ஓஓபு’ என்று பொதுப்பெயரால் அழைக்கிறார்கள். நம் உப்பங்கழிகளில் உள்ள உளுவை மீனுக்கு அவை உறவினர். நான்கு வகை உளுவைக் குடும்பத்தையே சேர்ந்தவை, ஐந்தாவது அதற்கு நெருங்கிய கிளை. பெருங்கடலின் நடுவே எரிமலையாக எழுந்த தீவில் ஆற்று மீன் எப்படி வந்தது என்று கேட்டால், கடல் வழியாக வந்தது என்பதே விடை. அதன் வாழ்க்கை இன்றும் அதே வழியில்தான் நடக்கிறது. ஓடையில் முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் நீரோடு கடலுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. கடலில் சில மாதங்கள் மிதந்து வளர்ந்து, ‘ஹினானா’ என்று பெயர் பெறும் சிறு பருவத்தில், ஏதோ ஓர் ஓடையின் முகத்தைத் தேடி மீண்டும் நன்னீருக்குள் நுழைகின்றன.

நுழைந்ததும் அவற்றின் எதிரே நிற்பது அருவி. இங்கேதான் வகைக்கு வகை தலைவிதி மாறுகிறது. இவற்றுள் உளுவைகளுக்கு இடுப்புத் துடுப்புகள் இரண்டும் இணைந்து ஓர் உறிஞ்சுக் கிண்ணமாக அமைந்திருக்கின்றன; அதைப் பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறலாம். ‘நோபிலி’ என்ற வகை இன்னும் ஒரு படி மேல். கடலிலிருந்து வந்த இரண்டொரு நாளில் அதன் வாய் முகத்தின் நுனியிலிருந்து அடிப்பக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. பிறகு வாயால் ஒட்டி, வயிற்றுக் கிண்ணத்தால் ஒட்டி, மாற்றி மாற்றிப் பாறைச் சுவரில் மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. ‘அலமோஓ’ என்ற வகை பெரிய தீவின் 442 அடி அகாக்கா அருவிக்கு மேலேயும் வாழ்கிறது என்றால் ஏறும் திறனை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உறிஞ்சுக் கிண்ணம் இல்லாத ‘அகுபா’வும், கிண்ணம் இருந்தும் மலையேறத் தெரியாத ‘நனிஹா’வும் ஓடையின் அடிப்பகுதியிலேயே தங்கிவிடுகின்றன. ‘ஹீஹீவை’ என்னும் நத்தையும் மலையோடை இறாலும் கூட இதே போலக் கடலுக்குச் சென்று திரும்புபவை.

ஆக, கரிசல்மழை படத்தில் கண்டு மயங்கிய அந்தக் கடைசி மடு ஒரு வாசல். மலையிலுள்ள மீன்களெல்லாம் ஒரு முறை அந்த வாசல் வழியாக வெளியே போய், மறுமுறை உள்ளே வந்தவை. ஓடை நீரைப் பாசனத்துக்குத் திருப்பி, முகம் வறண்டுவிட்டால் மேலே எவ்வளவு நல்ல மடு இருந்தாலும் பயனில்லை. கிழக்கு மௌயியின் ஓடைகள் பலவற்றில் கரும்புத் தோட்டங்களுக்காக நூறாண்டுக்கும் மேலாக நீர் திருப்பப்பட்டதும், அதைத் திரும்ப ஓடையில் விடச் சொல்லிச் சேம்பு பயிரிடும் ஹவாயியக் குடும்பங்கள் நீண்ட காலம் வழக்காடியதும் வெறும் உழவர் பூசலாகச் சிலருக்குத் தோன்றலாம். மீனுக்கும் அதுதான் வழக்கு.

நேர்ப்பாதை ஐயாவின் ‘எந்தக் கடற்கரையிலும் பார்க்கலாம்’ என்பதற்கு என் விடையும் இதுவே.

---

நேர்ப்பாதை

மீன் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் குலோவா முனை மேட்டில் நின்றுகொண்டு விரல்நீள மீனைப் பார்க்க முடியாது என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். பார்க்க முடியாத மீனுக்காக ஏழு மணி நேரம் வண்டியோட்டச் சொல்கிறீர்கள்.

---

உளுவை

ஒப்புக்கொள்கிறேன்.

---

கயவாய்

பெயர் பற்றிய கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. ‘ஏழு புனிதக் குளங்கள்’ என்பது ஹவாயியர் இட்ட பெயரன்று. சுற்றுலாவுக்காகப் பிற்காலத்தில் கட்டப்பட்ட பெயர். எண்ணிப் பார்த்தால் மடுக்கள் ஏழை விட மிகுதி; ஏழு என்ற எண்ணுக்கு அங்கே எந்த மரபுச் சிறப்பும் இல்லை. பூங்கா நிர்வாகமும் ஓஹேஓ என்றே எழுதுகிறது. ஆனால் இதிலிருந்து ‘அப்படியானால் அங்கே புனிதம் எதுவும் இல்லை’ என்று முடிவு கட்டுவதும் அவசரம். ஹவாய் மொழியில் நன்னீருக்கு ‘வை’ என்று பெயர். அதையே இரட்டித்து ‘வைவை’ என்றால் செல்வம். ஏழு குளத்தைத் தனியே பிரித்துப் புனிதப்படுத்தும் வழக்கம் அவர்களிடம் இருந்திருக்காது. நீர் முழுவதையும் மதித்திருக்கிறார்கள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் தேங்கி நிற்கும் நீருக்கு அவர்கள் ‘முலிவை’ என்பார்கள். நம்மிடமும் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை: கழிமுகம், முகத்துவாரம், கயவாய், பழைய புகார், கன்னியாகுமரிக் கரையில் பொழிமுகம். ஆயினும் இவை எல்லாம் மணற்கரைச் சொற்கள் என்பதைக் கருங்கல்தச்சனின் விளக்கத்தைப் படித்த பிறகு உணர்ந்தேன். மணல் மூடுவதும் மழைக்காலத்தில் அதை வெட்டிவிடுவதுமான வாழ்க்கையிலிருந்து பிறந்தது பொழி. ஓஹேஓவுக்கு அது பொருந்தாது. ‘குளம்’ என்பதும் பொருந்தாது, குளம் வெட்டப்படுவது. கரிசல்மழை முதலிலேயே ‘மடு’ என்று எழுதியது மிகச் சரி. நீர் தானே குடைந்த ஆழத்துக்கு நம் ஆற்றோர மக்கள் வைத்த பெயர் அதுதான்.

---

கரிசல்மழை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் கயவாய் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சொம்பு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

மேலும் இரு ஐயங்கள். தேசியப் பூங்காவுக்கு முன்பதிவு தேவை என்று எங்கோ படித்தேன். கீப்பஹுலுவுக்கும் அது பொருந்துமா? இரண்டாவது, வரைபடத்தில் ஹலேயாகலா உச்சியும் கீப்பஹுலுவும் பக்கத்தில் இருப்பது போலத் தெரிகிறது. விடியலை உச்சியில் பார்த்துவிட்டு அப்படியே கீழிறங்கி மடுக்களுக்குப் போய்விட முடியுமா?

---

தாழைமடல்

முடியாது. இக்குழப்பம் எல்லோருக்கும் வருவது. பூங்கா ஒன்றுதான், உச்சியையும் கீப்பஹுலுவையும் இணைக்கும் சாலை கிடையாது. இடையில் உள்ள மேல் பள்ளத்தாக்கு, மிக அரிய காட்டுப் பறவைகளுக்காகப் பொதுமக்கள் நுழையாதபடி மூடிக் காக்கப்படுகிறது. உச்சியிலிருந்து இறங்கி, தீவைச் சுற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் ஓட்டித்தான் மடுக்களுக்கு வர வேண்டும். முன்பதிவு என்பது உச்சியில் விடியலைப் பார்க்க அதிகாலை 3 மணி முதல் 7 மணிக்குள் நுழையும் வண்டிகளுக்கு மட்டுமே, கீப்பஹுலுவுக்கு இல்லை. வண்டிக்கு 30 டாலர் நுழைவுக் கட்டணம். அச்சீட்டு மூன்று நாள் வரை இரண்டு பகுதிகளுக்கும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்தாளை வாங்க மாட்டார்கள், அட்டை வேண்டும். கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

நேர்ப்பாதை சொன்ன களைப்பு உண்மையானது. அதற்கு என் மாற்று: ஹானாவில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் காலை எட்டு, ஒன்பது மணிக்கு மடுக்களில் இருக்கலாம். ஒரே நாளில் வந்து திரும்புபவர்களின் கூட்டம் நண்பகலில்தான் வந்து சேரும். பெட்ரோலை ஹானாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், குடிநீரையும் உணவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கொசுவுக்குத் தடவிக்கொள்ள ஏதாவது வைத்திருங்கள். திரும்பும்போது காவுப்போ வழியாகத் தீவைச் சுற்றி வரலாமா என்ற ஆசை வரும். அச்சாலை குறுகியது, சில இடங்களில் செப்பனிடப்படாதது. வாடகை வண்டியின் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள்.

---

நேர்ப்பாதை

ஹானாவில் தங்குவதானால் என் மறுப்பில் பாதியை விலக்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கிறது.

---

சேம்பிலை

மடுக்களோடு தொடர்புடைய இரண்டு இடங்களை விட்டுவிட்டீர்கள். பூங்காவுக்குள்ளேயே, கபாஹு என்ற இடத்தில், கீப்பஹுலுவின் ஹவாயியச் சமூக அமைப்பு ஒன்று பழைய சேம்பு வயல்களை மீட்டுப் பயிரிடுகிறது. அவர்கள் ‘காலோ’ என்பது நாம் வறுத்துச் சாப்பிடும் அதே சேப்பங்கிழங்குதான். ஓடை நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குள் கொண்டுவந்து, பாத்தியைச் சுற்றவிட்டு, மீண்டும் ஓடைக்கே அனுப்பும் முறையில் நெல்வயல் போல நீர் நிறுத்தி வளர்க்கிறார்கள். மலை முதல் கடல் வரை ஒரே நிலப்பிரிவாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். ‘அஹுபுவாஆ’ என்று அதற்குப் பெயர். மேலே நீரைக் கெடுத்தால் கீழே மீன் கெடும் என்பதற்கு அவர்களுக்கு உளுவையின் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

மற்றொன்று, பாலத்தைத் தாண்டி ஒரு மைலுக்குச் சற்று மேல் சென்றால் பலபலா ஹோஓமௌ என்ற சிறு தேவாலயம். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் 1974-இல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். 1969-இல் கீப்பஹுலு தேசியப் பூங்காவோடு சேர்க்கப்படுவதற்கு முயன்றவர்களுள் அவரும் ஒருவர் என்பதால் மட்டுமே இதை இங்கே குறிப்பிடுகிறேன். அன்று அது நடக்காமல் போயிருந்தால் மடுக்களைச் சுற்றி இன்று விடுதிகள் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

---

கரிசல்மழை

போய்வந்துவிட்டோம். விடை சொன்னவர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஹானாவில் ஓர் இரவு தங்கி, காலை எட்டரை மணிக்குக் கீப்பஹுலு சேர்ந்தோம். தந்தை பீபீவைப் பாதையில் கிளம்பினார். மூன்றரை மணி நேரம் கழித்து, முழங்கால் வரை சேற்றோடு, ஆலமரத்தின் படங்கள் பன்னிரண்டும் அருவியின் படம் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்தார். மூங்கில் காட்டில் காற்றடித்தால் தறி ஓடுவது போலச் சத்தம் கேட்கிறது என்றார். அவர் நெசவு ஊர்க்காரர். அந்த மூங்கில் அம்மண்ணுக்குரியதன்று, வெளியிலிருந்து வந்து காட்டை நெருக்குகிறது என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

நானும் அம்மாவும் குலோவா முனையிலேயே இருந்தோம். தாழை மரத்தின் முட்டு வேர்களைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். ‘இது நம்ம ஊர்த் தாழை இல்லையே, ஆனால் தாழைதான்’ என்று அவர் சொன்னது தாவரவியல்படியும் சரிதான் என்று நினைக்கிறேன். மடுக்களில் அன்று நீர் மிகுந்து, தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருந்தது. தாழைமடல் சொன்னது போல முதலில் எல்லாம் ஒரே காட்சியாகத்தான் தெரிகிறது. உட்கார உட்காரத்தான் பிரிகிறது. பெரிய அலை வரும்போது கடல்நீர் கூழாங்கல் மேட்டைத் தாண்டிக் கடைசி மடுவின் ஓரத்தில் புகுந்து, வெளிர்பச்சையாக ஒரு நாக்கு போல நீண்டு, பழுப்பு நீருக்கு அடியில் மெல்ல மறைந்தது. உப்புநீர் கனமானது, நன்னீர் மேலே மிதக்கும் என்று பள்ளியில் படித்ததைக் கண்ணால் பார்க்க எனக்கு 41 வயதாக வேண்டியிருந்தது.

பலகையைத் தாண்டி இருவர் இறங்கினார்கள். பூங்காக் காவலர் வந்து அழைத்ததும் ஏறிவிட்டார்கள். துணிந்தநடை அவர்கள் அவர்களுள் ஒருவர் அல்லர் என்று நம்புகிறேன்.

சொம்பைப் பற்றிக் கேட்பீர்கள். அம்மா அதைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். காவலர் வந்ததைப் பார்த்த பிறகு வெளியே எடுக்கவில்லை. பதினொரு மணியளவில் வெயிலோடு தூறல் விழுந்தது. நான் குடையை விரிப்பதற்குள் அவர் இரு கைகளையும் ஏந்தி, விழுந்த சில துளிகளைத் தலையில் தடவிக்கொண்டு, மலைக்குப் போகிற தண்ணீர்தானே, கொஞ்சம் முன்னால் வாங்கிக்கொண்டேன் என்றார்.

உளுவைக்கு: மீன் ஒன்றையும் பார்க்கவில்லை. அம்மா ஒன்று பார்த்ததாகச் சொல்கிறார். அவர் கண்ணாடி வண்டியில் இருந்தது.

---

உளுவை

எந்த மடுவில் என்று கேட்டுச் சொல்லுங்கள்.